கடன்பற்று அட்டைக்குத் தவணைத் திட்டம் கேட்டால் பெயர் கெடுமா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் என்னிடம் வங்கிக் கடிதங்களைக் கொண்டுவருபவர்கள் பேச்சை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருவார்கள்: “கிராணி ஐயா, வங்கியிடம் போய்த் தவணையைக் குறைக்கச் சொன்னால் என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவார்களா?”

மலேசியாவில் அப்படி ஒரு கறுப்புப் பட்டியல் கிடையாது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருப்பது சிசிரிஸ் (CCRIS) என்ற பதிவேடு. கடந்த 12 மாதங்களில் நீங்கள் எந்தக் கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதை அது எண்களில் காட்டும். நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பு எழுதாது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அதைப் படிக்கும் வங்கிதான். தவணைத் திட்டத்தில் சேர்ந்தால் அந்தப் பதிவேட்டில் ஒரு குறி விழும், அது உண்மை. ஆனால் சேரத் தயங்கிக்கொண்டு கட்டாமல் விடும் ஒவ்வொரு மாதமும் அதைவிட மோசமான எண்ணை எழுதுகிறது. பயத்தினால் காலம் கடத்துவதால்தான் பெரும்பாலோரின் பெயர் கெடுகிறது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

நான் தோட்ட அலுவலகத்தில் பல்லாண்டுகள் சம்பளக் கிராணியாக (எழுத்தராக) இருந்தவன். எல்பில், ஹீவுட், டோவன்பி என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து டவுனுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வது அன்றைக்கு என் வேலையில் ஒரு பகுதி. ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை.

மிகைநேரச் சம்பளத்தில் வாங்கிய அட்டை

இந்த நாட்டில் கடன்பற்று அட்டை (கிரெடிட் கார்டு) வாங்க ஆண்டுக்குக் குறைந்தது 24,000 வெள்ளி (ரிங்கிட்) வருமானம் வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பன்னிரண்டால் பெருக்கினால் 20,400தான் வரும். ஆகவே அடிப்படைச் சம்பளத்தை மட்டும் நம்பியிருப்பவருக்கு அட்டை கிடைக்காது. மிகைநேர வேலை சேர்ந்த சம்பளச் சீட்டைக் காட்டித்தான் நம் பிள்ளைகள் அட்டை வாங்குகிறார்கள். ஆண்டு வருமானம் 36,000 வெள்ளி அல்லது அதற்குக் குறைவு என்றால் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒவ்வொன்றிலும் கடன் வரம்பு மாத வருமானத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புக்காக வந்த விதி இது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மிகைநேரம் சேர்ந்த நான்கு மாதச் சம்பளம் வரை கடன் வாங்க இது இடம் கொடுக்கிறது. மிகைநேரம் நின்ற பிறகும் அந்த வரம்பு அப்படியே இருக்கும்.

என் தங்கை மகள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவள். 2021-இல் உலகமே கையுறை கேட்டுக்கொண்டிருந்தபோது மிகைநேரத்தோடு மாதம் 2,900 வெள்ளி வரை வாங்கினாள். அந்தச் சீட்டில் இரண்டு அட்டைகள் வந்தன. 2022-இல் கையுறைச் சந்தை சரிந்தது. மிகைநேரம் போய் அடிப்படைச் சம்பளம் 1,500 மட்டும் நின்றது. சேமநிதிக்கும் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்கும் பிடித்தது போக 1,300 சொச்சம். அட்டைகளில் 9,000 வெள்ளி நிலுவை. குறைந்தபட்சக் கட்டணம் நிலுவையில் 5 விழுக்காடு என்றால் மாதம் 450 வெள்ளி. கைக்கு வரும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவள் ஊதாரி இல்லை. அட்டையில் இருந்தவை தம்பியின் கல்லூரிக் கட்டணமும் அம்மாவின் கண் சிகிச்சையும்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடன் என்றாலே மானப் பிரச்சினை. வங்கிக் கடிதத்தைச் சாமி மேடையில் விபூதித் தட்டுக்குக் கீழே மறைத்து வைத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வருமானம் குறைந்ததற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அது வங்கியிடம் சொல்ல வேண்டிய தகவல். உடனே சொல்ல வேண்டிய தகவல்.

முதலில் உங்கள் பதிவேட்டைப் பாருங்கள்

வங்கிக்குப் போவதற்கு முன் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துவிடுங்கள். இ-சிசிரிஸ் என்ற பேங்க் நெகாராவின் இணையச் சேவையில் பதிந்துகொண்டால் இலவசமாகப் பார்க்கலாம். உங்களுக்குக் கைவராவிட்டால் வீட்டில் படித்த பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இருக்கும் முகவரிடம் காசு கொடுத்து எடுக்காதீர்கள்.

அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே ஒரு வரிசை எண்கள் இருக்கும். மேலே மாதங்களின் முதலெழுத்துகள், கீழே எண்கள். 0 என்றால் அந்த மாதம் பாக்கியில்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை பாக்கி, 2 என்றால் இரண்டு மாதம். 3 ஆகும்போது நிலைமை மாறுகிறது. மூன்று மாதம் பாக்கி விழுந்த கடனை வங்கி செயலிழந்த கடனாக வகைப்படுத்திவிடும். அந்தக் கணக்கு, ‘சிறப்புக் கவனிப்புக் கணக்குகள்’ என்ற தனிப் பகுதியில் போய் உட்காரலாம். அங்கே உட்கார்ந்த பிறகு புதிய கடன் கேட்பது மிகவும் கடினம். அதே அறிக்கையில் கடந்த 12 மாதங்களில் நீங்கள் எங்கெங்கே கடன் கேட்டு விண்ணப்பித்தீர்கள் என்பதும் இருக்கும். ஒரே மாதத்தில் நான்கு இடங்களில் கேட்டிருந்தால் படிப்பவருக்கு உங்கள் அவசரம் புரிந்துவிடும்.

சிடோஸ் அறிக்கை வேறு. அது தனியார் நிறுவனம் தருவது. 300-லிருந்து 850 வரை ஒரு மதிப்பெண் போடும். அதில் 45 விழுக்காடு நீங்கள் கட்டிய வரலாற்றிலிருந்தும், 20 விழுக்காடு எவ்வளவு கடன் நிலுவையில் இருக்கிறது என்பதிலிருந்தும் வருகிறது. வழக்கு, நீதிமன்றத் தீர்ப்பு போன்றவையும் அந்த அறிக்கையில் ஏறும். மதிப்பெண்ணை நினைத்து மனத்தைப் போட்டு உழப்ப வேண்டாம். வரிசையில் 0 விழுந்துகொண்டே இருந்தால் மதிப்பெண் பின்னால் தானே வரும்.

மூன்று வழிகள், மூன்று விதமான தடயம்

தவணைத் திட்டம் என்று எல்லாரும் ஒரே பெயரில் சொல்கிறார்கள். உண்மையில் மூன்று வேறு வேறு ஏற்பாடுகள் இருக்கின்றன. பெயருக்கு என்ன ஆகும் என்பது நீங்கள் எதில் சேருகிறீர்கள், எப்போது சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

முதலாவது, பாக்கி எதுவும் விழாதபோதே அட்டை நிலுவையைத் தவணைக்கடனாக மாற்றிக்கொள்வது, அல்லது குறைந்த வட்டிக்கு வேறு அட்டைக்கு மாற்றுவது. வங்கி விளம்பரம் செய்து விற்கும் சாதாரணச் சேவையாக இதை எடுத்துக்கொண்டால், கஷ்டத்தில் இருப்பவர் என்ற குறி பொதுவாக விழாது. ஆனால் வேறு வங்கிக்கு மாற்றினால் புதிய விண்ணப்பம் பதிவாகும். நிலுவைத் தொகையும் குறையாது. சலுகைக் காலம் முடிந்ததும் வட்டி பழைய உயரத்துக்கு ஏறும். சம்பளம் இன்னும் நன்றாக வருகிறது, கொஞ்சம் மூச்சு விட்டால் போதும் என்பவர்களுக்கு இது பொருந்தும். சம்பளமே குறைந்துவிட்டவர்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது, வங்கியிடம் நேரே போய் வருமானம் குறைந்துவிட்டதைச் சொல்லிக் கடனை மறுசீரமைக்கக் கேட்பது. கடிதங்களில் ‘பென்ஜாடுவாலான் செமுலா’ என்றும் ‘பென்ஸ்துருக்துரான் செமுலா’ என்றும் இருந்தால் இதுதான். காலத்தை நீட்டுவார்கள், சில சமயம் வட்டியையும் குறைப்பார்கள். இந்தக் கடன் மறுசீரமைக்கப்பட்டது என்ற குறி சிசிரிஸில் விழும். அட்டை முடக்கப்படலாம். கடனைத் தீர்க்கும் வரை அந்தக் குறியைப் பார்க்கும் புதிய வங்கி தயங்கும். சில வங்கிகள் நேரடியாகவே மறுக்கும்.

மூன்றாவது ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக முகவகம் அது. ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளோ தனிநபர் கடன்களோ சேர்ந்து நெருக்கும்போது நான் எல்லாரையும் அங்கேதான் அனுப்புகிறேன். சேவைக்குக் கட்டணம் கிடையாது. ஆலோசகர் உங்கள் வரவையும் செலவையும் வரி வரியாகப் பார்த்து, எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்கிட்டு, எல்லா வங்கிகளிடமும் சேர்த்துப் பேசுவார். வங்கிகள் ஒப்புக்கொண்டால் மாதம் ஒரே தொகையை ஏகேபிகேவிடம் கட்டினால் போதும், அவர்கள் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு நீங்கள் கொடுக்கும் விலையும் உண்டு. அட்டைகள் ரத்தாகும். திட்டம் முடியும் வரை அவர்களைக் கேட்காமல் புதிய கடன் வாங்க முடியாது. திட்டத்தில் இருக்கிறீர்கள் என்பது சிசிரிஸில் தெரியும்.

என் தங்கை மகள் சேர்ந்தது இதில்தான். அவளும் மருமகனும் டவுனில் ஒரு மலிவு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். கூட்டாகக் கடன் கேட்க முடியாமல் போனது. அந்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. இதை மறைத்துச் சொன்னால் நான் உங்களை ஏமாற்றுவதாகும். திட்டத்துக்கு விலை உண்டு. ஆனால் அன்றைக்குத் திட்டம் இல்லாமலும் அந்த வீட்டுக்கடன் அவளுக்குக் கிடைத்திருக்காது. ஏனென்றால் ஏற்கெனவே ஒரு அட்டையில் 2 விழுந்திருந்தது. இப்போது இரண்டு அட்டைகளுக்கும் சேர்த்து மாதம் 190 வெள்ளி கட்டுகிறாள், வரிசையில் 0 விழுகிறது, ராத்திரியில் தூங்குகிறாள்.

பால்மரம் வெட்டியவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கத்தி பட்டையோடு நின்றால் மறுபட்டை வளர்ந்துவிடும். ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் புடைத்துக்கொண்டு பிறகு வெட்டவே வராது. மறுசீரமைப்புக் குறி பட்டையில் பட்ட வெட்டு. மாதக்கணக்கில் ஏறிய பாக்கியும் அதற்குப் பின்னால் வரும் நீதிமன்றத் தீர்ப்பும் கட்டையில் பட்ட வெட்டு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதம் பெரும்பாலான வங்கிக் கடன்களுக்குத் தவணை ஒத்திவைப்பு கிடைத்தது, சிசிரிஸில் எந்தப் பாதிப்பும் இல்லை. “அப்போது ஒன்றும் ஆகவில்லையே, இப்போதும் இரண்டு மாதம் கட்டாமல் விட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பெருந்தொற்றுக்காக வந்த தனி ஏற்பாடு. அப்போதுகூடக் கடன்பற்று அட்டைகளுக்குத் தானாக ஒத்திவைப்பு கிடைக்கவில்லை. நிலுவையை மூன்று ஆண்டு வரையிலான தவணைக்கடனாக, அதிகபட்சம் 13 விழுக்காடு வட்டியில் மாற்றிக்கொள்ளும் வாய்ப்புதான் கிடைத்தது. இன்றைக்கு நீங்களாகக் கட்டாமல் விட்டால் அது பாக்கி, வேறு பெயர் கிடையாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

அட்டை வட்டி மூன்று படிகளில் இருக்கிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தபட்சக் கட்டணத்தையாவது நேரத்தில் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வரை, பத்து மாதமாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17 வரை, மற்றவர்களுக்கு 18 வரை. கட்டாத மாதத்துக்குத் தாமதக் கட்டணமும் உண்டு. நிலுவையில் 1 விழுக்காடு அல்லது 10 வெள்ளி, எது அதிகமோ அது. உச்சம் 100 வெள்ளி.

தங்கை மகளின் 9,000 வெள்ளிக்கு மாத வட்டி 135. இரண்டு அட்டைகளுக்கும் தாமதக் கட்டணம் சேர்ந்து 90. கடையில் ஒரு காசு தேய்க்காமலே மாதம் 225 வெள்ளி ஏறியது. திட்டத்தில் அவள் கட்டும் 190 வெள்ளி, சும்மா இருந்ததற்கு ஏறிய தொகையைவிடக் குறைவு. இந்த ஒரு கணக்கைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவள் ஏகேபிகேவுக்குப் போகச் சம்மதித்தாள்.

எதிர்வீட்டுத் தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். விளைச்சல் குறைந்த மாதங்களில் நடை குறையும், வருமானமும் குறையும். அட்டையில் 6,000 வெள்ளி. 18 விழுக்காட்டில் மாத வட்டி மட்டும் 90, குறைந்தபட்சக் கட்டணம் 300. அதையே வங்கியிடம் மறுசீரமைக்கக் கேட்டு 13 விழுக்காட்டில் 36 மாதத் தவணையாக்கினால் மாதம் சுமார் 202 வெள்ளி. மொத்த வட்டி சுமார் 1,280. அவர் அறுபது மாதம் கேட்க நினைத்தார். அப்போது மாதத் தவணை 137க்கு இறங்கும், ஆனால் வட்டி சுமார் 2,190 ஆகிவிடும். மறுசீரமைப்புக் குறியும் இரண்டு ஆண்டு கூடுதலாக நிற்கும். பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிப்பதே இல்லை. கட்ட முடிந்ததில் மிகக் குறுகிய காலத்தைக் கேளுங்கள். ஆனால் விளைச்சல் குறைந்த மாதத்திலும் கட்ட முடிகிற தொகையாக அது இருக்க வேண்டும். நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் ஆறாம் மாதத்திலேயே தடுக்கி விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தம்பி கடைசியில் 36 மாதமே எடுத்தார்.

வங்கியிடம் என்ன பேசுவது

எப்போது பேசுவது என்பதுதான் முக்கியம். முதல் தவணை தவறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வரிசையில் எல்லாம் 0 ஆக இருக்கும்போது கேட்பவரின் வார்த்தைக்கு எடை அதிகம். ஏற்கெனவே 1 விழுந்துவிட்டதா? 2 விழுவதற்குள் போங்கள். 3 விழுந்துவிட்டதா? அப்போதும் போங்கள். தாமதமாகிவிட்டது என்று திரும்பி வராதீர்கள், 4 அதைவிட மோசம்.

போகும்போது அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், அட்டைக் கணக்கறிக்கைகள், சேமநிதிக் கணக்கறிக்கை, மிகைநேரம் நின்றதற்கோ ஆட்குறைப்புக்கோ முதலாளி கொடுத்த கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வீட்டுச் செலவை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரிசி, மின்சாரம், பள்ளி வேன், மோட்டார் சைக்கிள் தவணை என்று உண்மையாக எழுதுங்கள். அழகுக்காகக் குறைத்து எழுதினால் கட்ட முடியாத தொகை உங்கள் தலையில் வந்து விழும்.

பேச்சு நீள வேண்டாம். “என் மிகைநேர வேலை நின்றுவிட்டது. மாதம் 200 வெள்ளி வரை கட்ட முடியும். இதற்குள் வரும்படி ஒரு திட்டம் தாருங்கள்” என்றால் போதும். பிறகு நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன, அவற்றைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. இந்தத் திட்டம் சிசிரிஸில் எந்த மாதிரிப் பதிவாகும்? ஏற்கெனவே விழுந்த பாக்கியை என்ன செய்வீர்கள், எந்த மாதத்திலிருந்து 0 காட்டும்? வட்டி எவ்வளவு, மொத்தம் எவ்வளவு கட்டுவேன்? தாமதக் கட்டணம் நின்றுவிடுமா? ஒரு மாதம் தவறினால் திட்டம் ரத்தாகுமா? முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா? அட்டை முடங்குமா, மனைவியின் துணை அட்டையும் சேர்ந்து முடங்குமா? துணை அட்டையில் தேய்த்த கடனுக்கும் முதன்மை அட்டைக்காரர்தான் பொறுப்பு என்பது நினைவிருக்கட்டும்.

பதிலைக் கடிதமாக வாங்குங்கள். தொலைபேசியில் “சரி, குறைத்துவிட்டோம்” என்று ஒருவர் சொன்னதை நம்பிக் குறைத்துக் கட்டிய ஒரு குடும்பத்துக்கு மாதாமாதம் பாக்கி ஏறியிருந்தது. பேசிய ஊழியர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கடிதம் கைக்கு வரும் வரை பழைய தொகையையோ, குறைந்தது உங்களால் முடிந்ததையோ கட்டிக்கொண்டே இருங்கள். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்பதற்காகப் பதிவேடு காத்திருக்காது.

சம்பளம் விழும் கணக்கும் அட்டைக் கடனும் ஒரே வங்கியில் இருந்தால் அட்டை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பாக்கி விழுந்தால் உங்களுக்கு அறிவித்துவிட்டு அந்தக் கணக்கிலிருந்து ஈடுகட்டிக்கொள்ளும் உரிமையைப் பல ஒப்பந்தங்கள் வங்கிக்குக் கொடுக்கின்றன.

கடன் வசூலிப்பவர்கள் தோட்ட அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்து ஆளைப் பற்றி விசாரிப்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவன் நான். உங்கள் கடன் விவரத்தை மேலாளரிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. வாடிக்கையாளரின் விவரங்களைக் காக்க வங்கிகளை 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அப்படி நடந்தால் நாள், நேரம், பேசியவர் சொன்ன பெயர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு முதலில் வங்கியிடமும், தீராவிட்டால் பேங்க் நெகாராவிடமும் புகார் செய்யுங்கள்.

திட்டத்துக்குள் இருக்கும்போது

ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. திட்டத்தில் சேர்ந்த பிறகு விழும் பாக்கியை வங்கிகள் மிகக் கடுமையாகப் பார்க்கும். ஒருமுறை சலுகை வாங்கியும் கட்டவில்லை என்று அர்த்தமாகிவிடும். ஏகேபிகே திட்டத்தில் தொடர்ந்து தவறினால் திட்டம் ரத்தாகி வங்கிகள் பழைய வட்டிக்குத் திரும்பிவிடும். சம்பளம் விழும் நாளுக்கு மறுநாளே பணம் தானாகப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். மறுபடி வருமானம் குறைந்தால் தவறுவதற்கு முன்பே ஆலோசகரைக் கூப்பிடுங்கள், திட்டத்தை மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள்.

கூட்டுப் பணத்தைப் பற்றி, அதாவது பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் பெண்கள் பலர் வங்கித் தவணையை விட்டுவிட்டுக் கூட்டுக்கு முதலில் கட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற நியாயமான கவலை அது. ஆனால் 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டு நடத்துவது குற்றம். எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது எந்தப் பதிவேட்டிலும் உங்களுக்கு நல்ல பெயர் சேர்க்காது. இருக்கிற கூட்டை முடித்துவிட்டு வெளியே வாருங்கள். திட்டத்தில் இருக்கும்போது புதிதாகச் சேராதீர்கள்.

சேமநிதியின் மூன்றாம் கணக்கிலிருந்து எடுத்து அட்டையை அடைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 2024 மே மாதத்திலிருந்து அந்தக் கணக்கில் இருப்பதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். 18 விழுக்காட்டுக் கடனை அது முழுமையாக அடைக்கும் என்றால் எடுங்கள் என்பேன். ஒரு பகுதியைத்தான் அடைக்கும், மீதிக்கு எப்படியும் திட்டம் வேண்டும் என்றால் அந்தப் பணத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கையில் எதுவும் இல்லாதவர்தான் மறுபடி ஆலோங் என்ற சட்டவிரோத வட்டிக்காரரிடம் போய் நிற்கிறார். ஆலோங்கிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவது என்ற யோசனையை மனத்தில் நுழையவே விடாதீர்கள்.

விளக்குக் கம்பத்து விளம்பரங்கள்

‘சிசிரிஸ், சிடோஸ் பெயர் சுத்தம் செய்து தரப்படும்’ என்று தொலைபேசி எண்ணோடு கம்பங்களில் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது வாட்ஸ்அப்பிலும் வருகிறது. முன்பணம் கேட்பார்கள், அடையாள அட்டையின் நகலையும் வங்கி அட்டையையும் கேட்பார்கள். சிசிரிஸில் உண்மையாக இருக்கும் பதிவை வெளியாள் யாராலும் அழிக்க முடியாது. பதிவில் தவறு இருந்தால் அதை அனுப்பிய வங்கிதான் திருத்த வேண்டும், நீங்கள் கேட்டால் இலவசமாகச் செய்யும். ஏகேபிகேவில் சேர்த்துவிடுகிறேன் என்று கட்டணம் கேட்பவரும் ஏமாற்றுக்காரர்தான். நம்மவர்களே நம்மவர்களிடம் இப்படிப் பணம் பறிப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருப்பவரின் கடைசி ஐந்நூறு வெள்ளி அது.

முடிந்த பிறகு

கடைசித் தவணை கட்டியதும் முழுமையாக அடைத்ததற்கான கடிதத்தை ஒவ்வொரு வங்கியிடமும் கேட்டு வாங்குங்கள். ஏகேபிகே திட்டம் என்றால் அங்கும் கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து இ-சிசிரிஸைத் திறந்து, நிலுவை இல்லை என்று காட்டுகிறதா, குறி நீங்கியதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் கடிதத்தோடு வங்கிக்குப் போங்கள்.

சிசிரிஸ் வரிசை 12 மாதத்துக்குத்தான். பழைய எண்கள் மாதம் ஒன்றாக வெளியே போகும், புதியவை உள்ளே வரும். ஆகவே வீட்டுக்கடன் கேட்க நினைப்பவர்கள், எல்லாம் 0 ஆக ஒரு முழு ஆண்டு நிரம்பும் வரை பொறுங்கள். அதற்குமுன் நான்கு வங்கிகளில் விண்ணப்பித்து நான்கு மறுப்பை வாங்கி வைக்காதீர்கள். கடனே இல்லாத அறிக்கையில் வரிசையும் இருக்காது, வங்கிக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் கடனோ, குறைந்த வரம்புள்ள ஒரே அட்டையோ எடுத்து முழுத் தொகையையும் மாதாமாதம் கட்டி வாருங்கள். மறுபடி அட்டையைத் தொடவே பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு மோட்டார் சைக்கிள் கடனே நல்லது.

சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்கு ஏகேபிகேவின் அருகிலுள்ள கிளை ஈப்போவில் இருக்கிறது. வேலை நாளில் லீவு போட்டுப் போவதால், முதலில் 03-2616 7766 என்ற எண்ணில் அழைத்து நாள் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன தாள்கள் எல்லாவற்றையும் சிசிரிஸ் அறிக்கையோடு ஒரே கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வங்கி மீது புகார் என்றால் பேங்க் நெகாராவின் எண் 1-300-88-5465. கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். வீட்டுச் செலவைப் பற்றி ஆலோசகர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மற்றவரிடம்தான் பதில் இருக்கும்.